கண் திறந்த மாதிரி ஒரு படம்

பெயிண்டுக் கடையில் அவளை எல்லாரும் கலரக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளைவிட மூத்தவரான முதலாளிக்கும் அவள் கலரக்காதான். வாடிக்கையாளர் யாராவது வந்து, "மழை வர்றதுக்கு முன்னாடி வானம் இருக்குமே, அந்தக் கலர் வேணும்" என்று கையை ஆட்டிக் காட்டினால், மற்றவர்கள் திருதிருவென்று விழிப்பார்கள். கலரக்கா மட்டும், "பளபளப்பாவா, மங்கலாவா?" என்று கேட்டுக்கொண்டே கலர் கலக்கும் மெஷினைத் தட்டிவிடுவாள்.

அந்தக் கடையில்தான் அவளுக்குப் படம் வரையும் கிறுக்கு பிடித்தது. புது ஷேடு கார்டு வந்ததும் பழையதைக் குப்பையில் கொட்டுவார்கள். முன்பக்கம் முழுக்கக் கட்டம் கட்டமாகக் கலர். பின்பக்கம் சுத்த வெள்ளை, நல்ல தடிமன். அதைத் தூக்கிப்போட அவளுக்கு மனம் வரவில்லை. ஒரு கட்டு கார்டை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். மகள் பள்ளிக்கூடத்தில் பாதி தீர்த்து வைத்திருந்த வாட்டர்கலர் டப்பாவும் கிடைத்தது. மறுநாள் காலை, பால் பொங்குவதற்குள் தண்ணீர் ஜக்கை வரைந்து பார்த்தாள். ஜக்கு கொஞ்சம் வாத்து மாதிரி வந்தது. பாலும் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. அவளுக்கோ சந்தோஷம் தாங்கவில்லை.

அன்றைக்குப் பிடித்தது, விடவே இல்லை. தினமும் காலையில் ஒரு கார்டு. காய்ச்சல் அடித்தாலும் கட்டிலில் உட்கார்ந்து மாத்திரை அட்டையை வரைவாள். ஊருக்குப் போனால் ஒரு சோப்பு டப்பாவில் கலரும், காம்பு வெட்டிய பிரஷும், மருந்து பாட்டிலில் தண்ணீரும் கூடவே போகும். பிரஷைத் துடைக்கத் துணி தேட வேண்டாம் என்று, கணவரின் சாக்ஸைக் கணுக்கால் பக்கம் வெட்டி இடது மணிக்கட்டில் மாட்டிக்கொள்வாள். அந்த வீட்டில் சாக்ஸ் ஏன் எப்போதும் ஒற்றையாகவே கிடைக்கிறது என்று அவருக்கு ரொம்ப நாள் புரியவில்லை.

அவர் லிஃப்ட் மெக்கானிக். காலில் சக்கரம் கட்டியவர் மாதிரி ஆள். வீட்டிலும் இருப்புக் கொள்ளாது. குழாயை இறுக்குவார், கதவுக்கு எண்ணெய் விடுவார், பக்கத்து வீட்டு மிக்ஸியை வாங்கி வந்து பிரித்துப்போடுவார். ஆனால் உட்கார்ந்தாரோ, போச்சு. நாற்காலிக்கும் அவர் இமைக்கும் நடுவில் ஏதோ ஒயர் ஓடுகிறது என்பாள் மகள். உட்கார்ந்த மறு நிமிஷம் சுவிட்ச் அணைந்துவிடும்.

வந்த வினையே அதுதான். கலரக்காவுக்கு அசையாமல் இருப்பதைத்தான் வரைய வரும். ஜக்கு, இஸ்திரிப் பெட்டி, செருப்பு, வெங்காயம். வீட்டில் அசையாமல் கிடைக்கிற ஒரே மனிதர், தூங்கும்போது அவர். அதனால் கார்டுக் கட்டைப் பிரித்தால் பாதிக்கு மேல் லிஃப்ட்காரர் தூங்கிக்கொண்டிருந்தார். வாய் திறந்து தூங்கினார். ஒரு காலில் மட்டும் ஷூவோடு தூங்கினார். ஒரு கார்டில் ஃபிரிட்ஜில் சாய்ந்து நின்றுகொண்டே தூங்கினார்.

"அம்மா, இதையெல்லாம் வெளியாள் பாத்தா அப்பாவுக்கு என்ன வியாதின்னு கேப்பாங்க" என்றாள் மகள்.

"நான் என்னடி பண்றது? முழிச்சிருந்தா பிடிக்கவே முடியலையே."

அவருக்கும் இது ஒன்றும் பெரிய வருத்தமில்லை. அவருடைய அக்காவிடமிருந்து போன் வரும்வரை.

நாத்தனார் ஆற்றுக்கு அக்கரையில் புது வீடு வாங்கியிருந்தாள். மூன்று பேரும் வந்து ஒரு வாரம் தங்க வேண்டும் என்று ஒரே பிடிவாதம். எல்லாம் பேசி முடித்துவிட்டு, "அப்புறம் இந்தாம்மா, நீ ஏதோ தினம் படம் போடறியாமே, அவ்வளவையும் எடுத்துட்டு வா. நான் பாக்கணும்" என்றாள். ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த கணவர் வாயில் கவ்வியிருந்த ஸ்க்ரூடிரைவர் கீழே விழுந்தது.

காரணம் இல்லாமல் இல்லை. சின்ன வயசில் அவரை எழுப்பிப் பள்ளிக்கூடம் அனுப்பியவள் அந்த அக்காதான். தினமும் முகத்தில் தண்ணீர் ஊற்றித்தான் எழுப்புவாளாம். தூங்குமூஞ்சி என்று பேர் வைத்தவளும் அவளே. இன்றைக்கும் சாயங்காலம் நாலு மணிக்குப் போன் செய்தால்கூட, "என்னம்மா, அவன் முழிச்சுட்டானா?" என்றுதான் ஆரம்பிப்பாள். அந்தப் பேரை அழிக்க அவர் படாத பாடில்லை. அக்கா வீட்டுக்குப் போனால் நாற்காலிப் பக்கமே போகமாட்டார்; சாப்பாடுகூட நின்றுகொண்டேதான்.

"அவ இந்தப் படத்தைப் பாத்தான்னா என் மானம் கப்பலேறிடும்" என்றார். "கார்டை வீட்டுலயே வச்சிட்டு வா."

"காலி கார்டு இல்லாம நான் ஒரு வாரம் எப்படிங்க இருக்கறது? அதுவுமில்லாம அண்ணி கேட்டா இல்லைன்னு பொய் சொல்லச் சொல்றீங்களா?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "சரி. ஒரே ஒரு படம். நான் கண் திறந்திருக்கற மாதிரி. அது வந்துட்டா எல்லாத்தையும் காட்டு. வரலைன்னா, கட்டு பை அடியிலயே கிடக்கணும். நீயா வெளிய எடுக்கக் கூடாது."

கலரக்கா சரி என்றாள். பிறகு கட்டைப் பிரித்து ஒவ்வொரு கார்டாகப் பார்த்தாள். இத்தனை கார்டு வரைந்தும் முழித்திருக்கிற ஒரு மனிதரைப் பிடிக்க முடியவில்லை என்றால், தான் வரைவதெல்லாம் வெறும் ஜக்குதானா என்று தோன்றியது.

கிளம்பும் நாள் காலையிலேயே ஆரம்பித்தார்கள். அவர் இஸ்திரி போட்ட நீலச் சட்டை போட்டு, தலைவாரி, போலீஸ் ஸ்டேஷனில் உட்கார்ந்தவர் மாதிரி நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

"மூச்சு விடலாமா?"

"விடுங்க. கண்ணை மட்டும் மூடாதீங்க."

அவள் நெற்றியை வரைந்து, மூக்குக்கு வந்தாள். நிமிர்ந்து பார்த்தபோது தாடை நெஞ்சில் இறங்கியிருந்தது. இஸ்திரி போட்ட சட்டையில் தூங்கும் படம் ஒன்று கூடுதலாகச் சேர்ந்தது, அவ்வளவுதான்.

ரயிலில் அவர் வேறு வழி கண்டுபிடித்தார். உட்காரவே மாட்டாராம். நின்றுகொண்டே வந்தார். நின்றவர் சும்மா நின்றாரா? திறக்காத ஜன்னலைத் திறந்தார். சுற்றாத ஃபேனைச் சீப்பால் தட்டிச் சுற்றவிட்டார். யாரோ ஒருவர் சூட்கேஸ் ஜிப் சிக்கிக்கொண்டு தவிக்க, அதற்கும் போய்க் குனிந்தார். கலரக்கா பென்சிலைப் பிடித்துக்கொண்டு, பந்து விளையாட்டுப் பார்ப்பவள் மாதிரி இப்படியும் அப்படியும் தலையைத் திருப்பிக்கொண்டே வந்தாள். கார்டில் ஒரு காது மட்டும் விழுந்திருந்தது. கடைசியில் எல்லா ரிப்பேரும் தீர்ந்துபோய் அவர் சீட்டில் உட்கார்ந்தார். சுவிட்ச் அணைந்தது.

"அம்மா, தூங்கற முகத்தையே வரை. கண்ணை மட்டும் திறந்த மாதிரி போட்டுடு" என்றாள் மகள். "யாருக்குத் தெரியப் போவுது?"

கெட்ட யோசனை என்று அவளுக்கே தெரியும். ஆனால் ஆற்றங்கரை நெருங்கிக்கொண்டிருந்தது. தொங்கிய தாடை, ஒரு பக்கம் சரிந்த தலை, லேசாகத் திறந்த வாய் எல்லாவற்றையும் வரைந்து, அதன் நடுவில் இரண்டு கண்களை அகலத் திறந்து வைத்தாள். வைத்துவிட்டு அவளே கொஞ்சம் பின்னால் நகர்ந்துகொண்டாள்.

அதற்குள் அவர் விழித்து, கதவு ஏன் கிறீச்சிடுகிறது என்று பார்க்கப் போய்விட்டார். அப்போதுதான் ஏறி எதிர் சீட்டில் ஸ்வெட்டர் பின்ன ஆரம்பித்திருந்த ஓர் அம்மா கார்டை எட்டிப் பார்த்தார். ஊசி நின்றது.

"ஐயோ பாவம்" என்றார் மெதுவாக. "எப்ப போனாரு?"

"இப்பதாங்க" என்றாள் மகள். "அடுத்த பெட்டி வரைக்கும்."

கலரக்காவுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. அடக்க அடக்க, கண்ணில் தண்ணீர் வந்தது. மகள் சீட்டிலேயே சுருண்டு விழுந்தாள். கதவைச் சரிசெய்துவிட்டுப் பெருமையாக வந்த மனிதரைப் பார்த்து அந்த அம்மா விசுக்கென்று எழுந்து நிற்க, அதற்கப்புறம் யாராலும் பேச முடியவில்லை.

ரயிலை விட்டு இறங்கி, ஆற்றைக் கடக்கப் படகு ஏறினார்கள். ஆளும் வண்டியும் ஏற்றுகிற பெரிய இயந்திரப் படகு. முன்பக்கம் அகலமான இரும்புத் தட்டு. கரை சேர்ந்ததும் சங்கிலியைத் தளர்த்தினால் அது பாலம் மாதிரி இறங்கும், எல்லாரும் நடந்து போகலாம். அக்கரை வந்துவிட்டது. தட்டு பாதியில் நின்றுவிட்டது.

"எறங்க மாட்டேங்குதே!" என்று படகுக்காரர் கத்தினார்.

லிஃப்ட்காரர் நிமிர்ந்து பார்த்தார். "கப்பியில சங்கிலி ஏறிச் சிக்கிக்கிச்சு" என்றார். அவ்வளவுதான். பை ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம். கண்ணை மூடித் திறப்பதற்குள் படகின் கைப்பிடிக் கம்பியில் ஏறியிருந்தார்.

கலரக்கா அவசரமாகச் சோப்பு டப்பாவைத் திறந்தாள். பென்சில் உருண்டு போய் ஆற்றில் விழுந்தது. விழட்டும் என்று பிரஷை நீலத்தில் முக்கினாள். தோளை வைத்தாள், அதற்குள் அவர் குனிந்துவிட்டார். சரி, குனிந்த முதுகு. ஒரே சொட்டு. அது காய்வதற்குள் அவர் அந்தப் பக்கம் போய்ச் சங்கிலியை இழுத்தார். அதுவும் ஒரு தீற்றல், கை ஒரு கோடு. முகம் வேண்டாம், மூக்கு வேண்டாம், கண்ணைப் பற்றி நினைக்கவே நேரமில்லை. அவர் தாவினால் பிரஷும் தாவியது. அவர் பேண்டின் பின்பக்கத்தில் கையைத் துடைத்தார். அவள் சாக்ஸில் பிரஷைத் துடைத்தாள். ஒரே கார்டில் ஒருவர்மேல் ஒருவராக நீல மனிதர்கள் ஏறினார்கள், குனிந்தார்கள், கத்தினார்கள். அவளுக்குத் தலைகால் புரியவில்லை. படகு ஆடுகிறதா, தான் ஆடுகிறாளா என்றே தெரியவில்லை. பக்கத்தில் நின்றவர்கள் வேறு, "அதோ, அந்தாண்ட போயிட்டாரு! சீக்கிரம் போடுங்க!" என்று கத்தினார்கள்.

தடால் என்று தட்டு இறங்கியது. எல்லாரும் கை தட்டினார்கள்.

கைகளில் கருப்பு மசகோடு வந்த அப்பாவிடம், அம்மா கையிலிருந்து கார்டைப் பிடுங்கி மகள் காட்டினாள். "அப்பா, பாரேன்! அப்படியே நீதான்!"

அவர் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எங்க நான்?"

"எல்லாமே நீங்கதாங்க" என்றாள் கலரக்கா, மூச்சு வாங்க.

"கண்ணு எங்க?"

"திறந்துதான் இருந்துது. நான் போடறதுக்குள்ள திரும்பிட்டீங்க."

"எறும்பு மொய்ச்ச மாதிரி இருக்கு. கண் திறந்த மாதிரின்னுதானே பேச்சு? இதுல கண்ணே இல்லையே." அவர் முகம் வாடிவிட்டது. "பை அடியில போட்டு வை."

பேச்சு பேச்சுதான். கலரக்கா ஈரக் கார்டை ஊதிக் காயவைத்து, கட்டின்மேல் செருகி, துணிகளுக்கு அடியில் வைத்தாள். வருத்தப்பட வேண்டும் என்று முயற்சி செய்தாள், முடியவில்லை. விரல் இன்னும் துள்ளிக்கொண்டிருந்தது.

நாத்தனார் வாசலிலேயே நின்றாள். தம்பியை மேலும் கீழும் பார்த்து, "வழியில தூங்கினானா?" என்றாள். பிறகு, "எங்கம்மா படமெல்லாம்?"

கலரக்கா பையைக் கீழே வைத்தாள். "அது வந்து அண்ணி..."

"இது என்ன, கைக்குச் சாக்ஸு? படத்தை மறந்துட்டு வந்துட்டியா? ஆசையா இருந்தேனே."

கலரக்கா சாக்ஸைப் பார்த்தாள். அதில் நீலம் இன்னும் காயவில்லை. அவள் கணவரைப் பார்க்கவே இல்லை. அவர்தான் அவளைப் பார்த்தார். படகில் அப்படி மலர்ந்திருந்த முகம் இப்போது வாடியிருப்பதைப் பார்த்தார். சட்டென்று குனிந்து பையைத் திறந்து, அடியில் கைவிட்டு, கார்டுக் கட்டை உருவி அக்காவிடம் நீட்டினார்.

"மறக்கலை. இந்தா, பாரு" என்றார். முகத்தில் தண்ணீர் விழப்போகிறது என்று தெரிந்தவர் மாதிரி கண்ணை இறுக்கிக்கொண்டு நின்றார்.

நாத்தனார் சாப்பாட்டு மேசையில் கார்டுகளைச் சீட்டு மாதிரி பரப்பினாள். முதல் தூக்கத்துக்கே சிரிக்க ஆரம்பித்தாள். ஃபிரிட்ஜுக்கு வந்தபோது மேசையைத் தட்டினாள். "டேய்! நின்னுக்கிட்டா? நின்னுக்கிட்டா தூங்கினே?" ரயில் படத்தைப் பார்த்து, "ஐயையோ, இது யாரு?" என்று நெஞ்சில் கை வைத்தாள். அவர் கதவு நிலையில் ஒட்டிக்கொண்டு நின்றார், காதெல்லாம் சிவந்துவிட்டது.

பிறகு படகுக் கார்டு கையில் வந்தது. சிரிப்பு மெல்ல நின்றது. கார்டைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தாள். கிட்டத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"இத்தனை பேரும் இவனா?"

"ஆமா அண்ணி. இன்னிக்குத்தான், படகுல."

"கேக்கவே வேணாம். கையப் பின்னாடி துடைக்கறான் பாரு, கழுதை. எத்தனை தடவை சொல்லியிருக்கேன்!" அவள் விரல் ஒவ்வொரு நீல மனிதராகப் போனது. ஏறுகிறவர், குனிகிறவர், இழுக்கிறவர். பிறகு தூங்குகிற கார்டு ஒன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இப்படி ஓடறவன் உக்காந்தா தூங்காம வேற என்னம்மா பண்ணுவான்?" என்றாள். தம்பி பக்கம் திரும்பினாள். "டேய், எதுக்குடா கம்பம் மாதிரி நிக்கறே? போய் நாற்காலியில உக்காரு. தூக்கம் வந்தா தூங்கு. ஒருத்தரும் தண்ணி ஊத்த மாட்டாங்க."

அவர் உட்கார்ந்தார். அக்கா வீட்டில் அவர் நாற்காலியில் உட்கார்ந்ததே அதுதான் முதல் தடவை. ஆனால் தூக்கம் வந்தால்தானே? சந்தோஷத்தில் ஒயர் அறுந்துவிட்டது போலிருக்கிறது. இரண்டு கண்ணையும் அகலத் திறந்துகொண்டு, அக்காவைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், மேசையில் பரந்து கிடந்த தன்னையே பார்த்தார்.

"இந்தாம்மா" என்றார் மனைவியிடம், மெல்ல. "இப்ப போடு. நல்லா முழிச்சிருக்கேன். அசையவே மாட்டேன்."

கலரக்கா ஒரு கார்டை எடுத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தாள். பிரஷை முக்கினாள். பார்த்தாள். நிமிர்ந்த முதுகு, திறந்த கண், அசையாத கை. தண்ணீர் ஜக்கு மாதிரி அவர் உட்கார்ந்திருந்தார்.

"ஏங்க," என்றாள், "இப்படிச் சும்மா உக்காந்திருந்தா நான் என்னத்த வரையறது? எந்திரிச்சு ஏதாவது பண்ணுங்களேன்."