எருமப்பட்டியில் ஹவாய் கிடார்

என் மகளின் கல்யாணத்துக்காக அம்மாவின் பழைய ஆம்ப்ளிஃபயரைப் போட்டதும், வால்வு சூடேறித் தூசி கருகும் அந்த வாசனையோடு, எருமப்பட்டியில் அம்மா நடத்திய, விசேஷங்களுக்குப் பாட்டுப் போடும் ரேடியோ செட் கடையும், அவர் முந்தானையால் துடைத்துத் துடைத்துப் போட்ட ஆங்கில இசைத்தட்டும், துள்ளும் ராக் அண்ட் ரோல் தாளத்தின் மேல் வழுக்கிக்கொண்டே போகும் ஹவாய் கிடாரும் திரும்பி வந்துவிட்டன.

கல்யாண வீடுகளில் சாமி பாட்டு முடிந்ததும் அந்த இசைத்தட்டைத்தான் அம்மா போடுவார். ஒருமுறை மாப்பிள்ளையின் அப்பா, எங்கள் ஊர்ப் பண்ணையக்காரர், பந்தலிலிருந்து வேகமாக வந்தார்.

"ஏனம்மிணி, கண்ணாலத்து ஊட்டுல ஒப்பாரி வெக்கறீங்க? நிறுத்தலீன்னா இனி இந்த ஊர்ல ஒரு விசேசத்துக்கும் உங்க செட்டு வராதுங்க."

"ஒப்பாரியில்லீங்க, ஆடற பாட்டுங்க. நல்லாக் கேளுங்க."

அம்மா ஊசியைத் தூக்கி மறுபடி முதலிலிருந்து வைத்தார், சத்தத்தையும் கூட்டினார்.

உள்ளூர்க் கல்யாணங்களுக்கு எங்கள் செட்டைக் கூப்பிடுவது நின்றுபோயிற்று. அதன்பின் அந்தி சாயும்போதெல்லாம், கடைக் கூரையிலிருந்த குழாய் ஸ்பீக்கர் பண்ணையக்காரர் வீட்டைப் பார்த்தபடி அந்தப் பாட்டைப் பாடியது. கேட்டவர்களிடம், "செட்டு ஓடுதான்னு பாக்கறேனுங்க" என்பார் அம்மா.

இப்போது பந்தலில் சாமி பாட்டு முடிகிறது. சம்பந்தி என்னையே பார்க்கிறார். நான் முந்தானையால் அந்த ஆங்கில இசைத்தட்டைத் துடைத்துக்கொண்டிருக்கிறேன்.