சுமலதா கொடுத்த சோபா

சுமலதாவுக்கு இருபத்தாறு வயது. குந்தா பக்கத்துத் தேயிலை எஸ்டேட் ஒன்றில், ஃபேக்டரி ஆபீசில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லைன் வீட்டுப் பிள்ளைகளில் முதலில் எம்.எஸ்சி. முடித்தவள் அவள்தான். அந்தப் பெருமை போதாதா என்றால், போதவில்லை. வெளிநாட்டில் படிக்க முழுச் செலவும் தரும் ஓர் அறக்கட்டளைக்கு இரண்டு வருஷத்துக்கு முன் எழுதிப் போட்டாள். பரீட்சை, நேர்காணல் எல்லாம் தாண்டினாள். கடைசியாக வீட்டைப் பார்த்துவிட்டுப் போனார்கள். 'தேர்வாகவில்லை' என்று ஒற்றை வரிக் கடிதம் வந்தது. காரணம் எழுதவில்லை. ஒருவருக்கு ஒரே ஒரு முறைதான் வாய்ப்பு.

இப்போது அதே அறக்கட்டளை பக்கத்து வீட்டு ஜீவிதாவின் வீட்டைப் பார்க்க வருகிறது. ஜீவிதா! ப்ளஸ் டூ கணக்குப் புரியாமல் இவளிடம் வந்து அழுத பெண்! சுமலதாவுக்கு வயிறு பற்றி எரிந்தது. அவளுக்குக் கிடைக்கவே கூடாது என்று மாரியம்மனிடம் வேண்டினாள். வேண்டியதற்கு மன்னிப்பும் கேட்டாள். மறுநாள் மறுபடி வேண்டினாள்.

அந்த லைனில் ஒரு வழக்கம் உண்டு. எந்த வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தாலும் பத்து வீட்டுச் சாமான்களும் அங்கே போய்ச் சேரும். வெளியாள் முன்னால் லைன் வீடு இளைத்துத் தெரியக் கூடாது. ஜீவிதாவின் அம்மா மகாலட்சுமியும் வந்து நின்றாள்.

"சுமா கண்ணு, ஆபீசரு நாளைக்கு வர்றாராமா. உங்க சோபாவைக் கொஞ்சம் குடு சாமி."

மறுத்தால் லைனே காறித் துப்பும். கொடுத்தாள்.

மறுநாள் அரை நாள் லீவு போட்டு, துணி காயப்போடும் சாக்கில் வாசலில் நின்றாள். அறக்கட்டளை ஆபீசர் கீர்த்திவாசன் அவளுடைய சோபாவில் சாய்ந்துகொண்டு எழுதிக்கொண்டிருந்தார். ஜீவிதா ஏதோ சொல்ல, சிரித்தார். அந்தச் சிரிப்பைத்தான் சுமலதாவால் தாங்க முடியவில்லை. விறுவிறுவென்று உள்ளே போனாள்.

"ஏனுங்க அக்கா, எங்க சோபா வேணுங்க. அந்த டிவியைப் பேச்சியக்கா ஊட்டுக்கும், ஃபிரிட்ஜை கிளார்க் ஊட்டுக்கும் எப்பக் குடுப்பீங்க?"

ஜீவிதா தலையைக் குனிந்துகொண்டாள். கீர்த்திவாசனின் பேனா நின்றது.

"இதுல உங்களோடது எதும்மா?"

மகாலட்சுமி அழுதபடியே அடுப்பையும் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளையும் காட்டினாள்.

"நல்ல வேளை. வசதியான குடும்பம், உதவி தேவையில்லைன்னு எழுதிட்டிருந்தேன். இது இல்லாதவங்களுக்கான பணம்மா." எழுதியதை அடித்துவிட்டு வேறு தாள் எடுத்தார்.

சுமலதாவுக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் வீட்டைப் பார்க்க வந்த அன்றைக்கும் இதே டிவி, இதே ஃபிரிட்ஜ். லைன் முழுக்க வாசலில் நின்று பாசத்தோடு பார்த்துக்கொண்டிருந்தது. இரவல் சாமான் என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை.

ஒன்றரை மாதத்தில் ஜீவிதாவுக்கு ஸ்காட்லாந்து உறுதியானது. மகாலட்சுமி லட்டோடு வந்து சுமலதாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ பொறாமையிலதான் சொன்னீன்னு எல்லாரும் பேசறாங்க. பேசிட்டுப் போறாங்க கண்ணு. உன்னாலதான் என்ற புள்ள போறா."

சுமலதா லட்டை வாயில் வைக்கவில்லை.

"உங்கள்ல ஒருத்தருக்காச்சும் அன்னைக்கு என்மேல பொறாமை வந்திருக்கக் கூடாதுங்களா அக்கா?"