நான்கு பாஸ்வேர்டும் அறிந்தவள்

அந்தப் பல் மருத்துவமனையில் எல்லோருக்கும் அவள் ‘சாவிக்கொத்து அக்கா’. பதினான்கு வருடமாக வரவேற்பு மேசையில் இருக்கிறாள். காலை எட்டு மணிக்கு ஷட்டரைத் தூக்கிவிட்டு, கையோடு நான்கு கம்ப்யூட்டர்களையும் திறந்து வைத்துவிடுவாள். டாக்டருடையது, நர்சுடையது, எக்ஸ்ரே அறையில் இருப்பது, தன்னுடையது. நான்கின் பாஸ்வேர்டும் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். யாரும் கொடுத்த வேலை இல்லை, அவளாக இழுத்துப் போட்டுக்கொண்டது. “ஊர் பாரமெல்லாம் உன் தலையிலதான்” என்று கணவர் கிண்டலடிப்பார். அவளுக்கோ உள்ளூரப் பெருமை. யார் எதைக் கேட்டாலும் ‘தெரியாது’ என்று அவள் வாயில் வந்ததே கிடையாது.

அந்தப் பெருமையில்தான் ஒருவன் கை வைத்தான்.

“மேடம், எக்ஸ்ரே மெஷின் கம்பெனியிலேருந்து பேசறேன். போன வாரம் மக்கர் பண்ணுச்சே, அது விஷயமா.”

மெஷின் பழுது என்று மருத்துவமனையின் இணையப் பக்கத்தில் எழுதிப் போட்டவளே அவள்தான். ஊருக்கே அறிவித்ததை அவன் திருப்பிச் சொன்னதும், நம்ம ஆள்தான் என்று நம்பிவிட்டாள்.

“டாக்டர் வர்றதுக்குள்ள சரி பண்ணிடறேன். அவரோட பாஸ்வேர்ட் உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது, இல்ல?”

“ஏன் தெரியாம?” என்றாள். படுபாவி, எப்படிக் கேட்டால் வாய் திறக்கும் என்று தெரிந்து கேட்டிருக்கிறான்.

அவன் சொன்னதையெல்லாம் டாக்டரின் கம்ப்யூட்டரில் அழுத்தினாள். பாஸ்வேர்டையும் ஒப்பித்தாள். கொஞ்ச நேரத்தில் திரையிலிருந்த அம்புக்குறி தானாக நகர்ந்தது. நோயாளிகளின் பதிவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. பெயர், வீட்டு முகவரி, என்ன நோய், என்ன மாத்திரை, எல்லாம். “லைன்லயே இருங்க மேடம்” என்று போன் கொஞ்சிக்கொண்டிருந்தது. அவள் போனைக் கீழே போட்டுவிட்டு, சுவரிலிருந்த இன்டர்நெட் வயரைப் பிடுங்கினாள்.

அறையில் வேறு யாரும் இல்லை. வயரைத் திரும்பச் சொருகிவிட்டு வாயை மூடிக்கொண்டால் போதும். நடந்ததெல்லாம் டாக்டர் பெயரில்தான் பதிவாகியிருக்கும். இந்த வயதில் இந்த வேலை போனால் வேறு யார் கூப்பிட்டுக் கொடுப்பார்கள்? வயர் கையிலேயே இருந்தது. டாக்டர் உள்ளே வந்தபோதும் இருந்தது.

“டாக்டர், நான் ஏமாந்துட்டேன். உங்க பாஸ்வேர்டை ஒருத்தன்கிட்ட சொல்லிட்டேன். நம்ம பேஷன்ட்டுங்க விவரத்தையெல்லாம் திறந்துட்டான்.”

டாக்டரின் முகம் கறுத்தது. “யாரைக் கேட்டு சொன்னீங்க அக்கா?” என்று கத்தினார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, “உங்ககிட்ட குடுத்து வெச்சது நான்தானே” என்றார்.

கம்ப்யூட்டர் சரிபார்க்க வந்தவர் ஒன்பது பேரின் விவரங்கள் போய்விட்டதாகச் சொன்னார். “வயரை மறுபடி சொருகியிருந்தீங்கன்னா மொத்தமும் போயிருக்கும்.” டாக்டர் தன் மெயிலுக்கும் அதே பாஸ்வேர்டைத்தான் வைத்திருந்தாராம். எல்லாவற்றையும் அன்றே மாற்றினார்கள். அந்த ஒன்பது பேருக்கும் அவளே போன் செய்து நடந்ததைச் சொன்னாள். ஒருவர் வாய்க்கு வந்தபடி திட்டினார். அவர் முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலையில் ஷட்டரைத் தூக்கிவிட்டுத் தன்னுடைய ஒரு கம்ப்யூட்டரை மட்டும் திறந்தாள். கை சும்மா இருக்க மாட்டாமல் மேசையை இரண்டு முறை துடைத்தாள். டாக்டர் வந்தார், கீபோர்டைத் தட்டினார், தலையைச் சொறிந்தார்.

“அக்கா, என் புது பாஸ்வேர்ட் என்ன?”

“தெரியாதுங்க டாக்டர்” என்றாள். சொல்லிவிட்டு மேசையை மூன்றாம் முறை துடைத்தாள்.