கழுத்து வரைக்கும் ஊற்றிய தண்ணீர்

சூசை அண்ணே போய்விட்டாராம்... அவர் மகள் இப்போதுதான் போன் செய்தாள்.

மலேசியாவில் எங்கள் பத்து காஜா டவுனின் பழைய ஆட்களுக்கு "பேட்டரி சூசை" என்றால் தெரியும். மார்க்கெட் பக்கத்துச் சந்தில் சின்னக் கடை, வாசலில் வரிசையாகக் கார் பேட்டரிகள், உள்ளே சுவரில் மாதா படம்.

எண்பதுகளின் நடுவில் எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்கு ஒரு புண்ணியவான் சோலார் தகடும் இரண்டு பேட்டரியும் வாங்கிக் கொடுத்தார். தோட்டத் தொழிலாளர்கள் இருந்த லயத்து வீடுகளில் அப்போது மண்ணெண்ணெய் விளக்குதான்.

கோயிலில் எரிந்த அந்த ஒரே டியூப் லைட்டின் கீழே உட்கார்ந்துதான் என் மகள் பரீட்சைக்குப் படித்தாள்.

பேட்டரிப் பெட்டியின் சாவியை யார் வைத்துக்கொள்வது என்று கேட்டபோது நான் கை தூக்கினேன். கோயில் தலைவர் சிரித்தார். "இது அடுப்படி இல்லம்மா, ஆசிட்டு!"

கொடுங்கள் என்று வாங்கிக்கொண்டேன்.

நான் செய்த காரியத்தைக் கேளுங்கள்... அம்மன் முன்னால் வைக்கிற செம்பைத் தளும்பத் தளும்பத்தானே நிரப்புவோம்? அதே மாதிரி வெள்ளிக்கிழமை காலையில் குளித்துவிட்டு வந்து, பேட்டரியின் ஒவ்வொரு குழியிலும் கழுத்து வரைக்கும் தண்ணீர் ஊற்றினேன். குறையாக வைக்க மனசு வரவில்லை.

வெயில் ஏறி சார்ஜ் ஆனதும் உள்ளே பொங்கி, மூடி வழியாக ஆசிட் வழிந்தது. துடைக்கப் போன என் சேலையெல்லாம் ஓட்டை.

அடுத்தடுத்த வெள்ளியும் அதையே செய்தேன். விளக்கு மங்கிப்போனது.

"திருவிழாக்குள்ள சரியாகலன்னா தகட்ட வித்துடலாம். பழையபடி கேஸ் லைட்டு போதும்லா" என்றார் தலைவர். மகளுக்குப் பரீட்சை திருவிழா முடிந்துதான்...

ஓட்டைச் சேலையைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். பேட்டரி சூசை அண்ணே கடையில் வாங்கியது. சண்டைக்கென்றே போனேன்.

"நல்ல பேட்டரின்னு சொல்லி பழச தள்ளி விட்டுட்டீங்களாண்ணே?"

அவர் சேலையை விரித்துப் பார்த்தார். "தண்ணி எவ்ளோ ஊத்துன தங்கச்சி?"

"கழுத்து வரைக்கும்."

"எப்ப?"

"காலைல. குளிச்சிட்டு."

"அட மாதாவே... பேட்டரிக்கு கும்பாபிஷேகமே பண்ணிட்டியா!" கடையில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"அழாதலா. முதல்ல வெயில்ல சார்ஜ் ஏறட்டும். சாயங்காலம் தொறந்து பாரு. உள்ள இருக்கிற தகடு முங்கி கொஞ்சம் மேல நின்னா போதும். மிச்ச எடம் அது பொங்கி அடங்குறதுக்கு."

மறுநாளே மோட்டார் சைக்கிளில் வந்தார். தரையெல்லாம் ஆசிட், செருப்பைக் கழற்றாதீர்கள் என்றேன். "ஒங்க ஆத்தா வீட்டுல செருப்போடயா?" என்று கழற்றிவிட்டு, பலகை மேல் ஏறி நின்று ஆசிட் முறிய, தரையில் அப்பச்சோடாவைத் தூவினார்.

பேட்டரிகளைக் கடைக்குக் கொண்டுபோய் ஆசிட் சரிசெய்து, சார்ஜ் ஏற்றிக் கொண்டுவந்தார். கையில் ஒரு கண்ணாடிக் குழாயும் கொடுத்தார். ஆசிட்டை உறிஞ்சினால் உள்ளே ஒரு மிதவை நிற்கும். பச்சையில் நின்றால் நல்லது, வெள்ளை சுமார், சிவப்பு மோசம்.

"வாரத்துக்கு ஒரு தடவ பாத்து எழுதி வை. திருவிழாக்கு முன்னால நான் வந்து பாக்குறேன்."

நான் பள்ளிக்கூடம் போனதில்லை, எழுத்து நானாகப் படித்தது. வீட்டுக் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் கோடு போட்டு, பன்னிரண்டு குழிக்கும் எழுதினேன். ஒரு சனிக்கிழமைகூட விடவில்லை.

பதினொன்று பச்சைக்கு வந்துவிட்டது. ஐந்தாவது குழி மட்டும் வெள்ளையை விட்டு நகரவே இல்லை.

தலைவர் நோட்டைப் பார்ப்பார் என்று தெரியும். பென்சில் என் கையில்தான்... பச்சை என்று எழுதினால் யாருக்குத் தெரியும்? அம்மன் எதிரில் உட்கார்ந்துகொண்டு வெள்ளை என்றே எழுதினேன்.

சூசை அண்ணே சொன்னபடி வந்தார். நோட்டைத் தலைவர் கையில் கொடுக்கச் சொல்லிவிட்டு, தானே குழி குழியாகப் பார்த்துக் குரல் கொடுத்தார். "நாலு, பச்ச. அஞ்சு... வெள்ள."

"இந்தம்மாவும் அதான் எழுதிருக்கு. அப்ப பேட்டரி கெட்டதுதானே?" என்றார் தலைவர்.

"ஓடும்லா. ஒரு குழி கொஞ்சம் நொண்டும், அவ்ளோதான். நொண்டுறத நொண்டுதுன்னே எழுதுற ஆளு ஒங்களுக்கு கெடச்சிருக்கு. சாவிய அவங்ககிட்டயே விடுங்க தலைவரே."

சாவி என்னிடமே இருந்தது. மகள் அந்த வெளிச்சத்தில்தான் படித்து முடித்தாள்.

இப்போது ஈப்போ வீட்டில் சாமி விளக்குக்கென்று சின்ன சோலார் வைத்திருக்கிறேன். பேட்டரி, தண்ணீர் ஊற்றுகிற பழைய மாதிரிதான். மகன் மாற்றச் சொல்கிறான், நான் விடவில்லை.

இன்றைக்குச் சனிக்கிழமை. வெயில் இறங்கியதும் மூடியைத் திறந்து பார்த்தேன்... தகடு முங்கி, கொஞ்சம் மேலே. அதோடு நிறுத்திவிட்டேன் அண்ணே.

ஒங்க மாதாகிட்ட போய்ட்டு வாங்க.