உப்பில்லாத ஒரே குழம்பு

காலையில் தாலுகா கச்சேரி வேலைக்குப் புறப்படும்போது செருப்பு காலில் ஏறவில்லை. எழுந்தபோதே கண் இமைகளும் ஊதியிருந்தன.

பாளையங்கோட்டை டாக்டர் என் சிறுநீரைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி விளக்குச் சுடரில் காட்டிச் சூடாக்கினார். வெந்த முட்டைபோல வெள்ளையாகத் திரண்டது. குண்டிக்காய் (இரத்தத்திலிருந்து சிறுநீரைப் பிரிக்கும் உறுப்பு) பழுதாகிவிட்டது என்றார். தின்ற உப்பை வெளியே தள்ள அதற்குத் திராணி இல்லை. தங்கிய உப்பு தண்ணீரையும் பிடித்துவைக்கிறது. அதனால்தான் சோபை (உடல் வீக்கம்). உப்பை அடியோடு நிறுத்தச் சொன்னார். சீமையிலேயே இது புதிய வைத்தியமாம்.

இதே பத்தியத்தில் இருப்பவர்களுக்குச் சொல்கிறேன், நாக்கைவிட மனசுதான் அதிகம் படுத்தும். இரண்டு வாய் தின்றதும் எழுந்துவிடுவேன். படுத்தால் மூச்சு முட்டும், உட்கார்ந்தால் கால் கனக்கும். வீட்டுக்குள்ளேயே நடந்துகொண்டிருப்பேன். என் மனைவி கோமதி இலையை எடுத்துப்போட்டுவிட்டு அடுப்படிக்குப் போவாள்.

பங்குனியில் சிறுநீர் தாராளமாகப் பிரிந்தது. கணுக்கால் எலும்பு மறுபடி கண்ணுக்குத் தெரிந்தது.

சித்திரையில் கோமதி அடுப்படியில் விழுந்தாள். அதற்கு முன்பே வயிற்றுப்போக்கு, வெக்கை வேறு. கெண்டைக்கால் சதை முறுக்கிக் கல்லாக இருந்தது. டாக்டரை வண்டியில் கூட்டிவந்தேன். என்ன சாப்பிடுகிறாய் என்று அவளைக் கேட்டார்.

"அவுக சாப்பிடுததுதான். அவுகளுக்கு முன்னால உப்புப் போட்டுத் திங்க எனக்கு எறங்கலை."

இத்தனை மாதமும் அவள் தனக்குத் தனியாக உப்புச் சேர்த்துக்கொள்கிறாள் என்றே நினைத்திருந்தேன்.

"பிள்ளைவாள், உங்களைப் பிழைக்க வச்ச பத்தியம் இவங்களைச் சாய்ச்சிட்டு," என்றார் டாக்டர். நல்ல குண்டிக்காய் கொஞ்ச உப்பையும் விடாமல் காத்துக்கொள்ளுமாம். ஆனால் வேர்வையிலும் பேதியிலும் போனதை ஈடுகட்ட அவள் உடம்பில் இருப்பு இல்லை.

உப்புக் கஞ்சியை நானே புகட்டினேன். முதல் கரண்டிக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"நான் பாத்துக்கிட்டுதான் இருப்பேன். குடி," என்றேன்.

என்னைப் பார்த்துக்கொண்டே குடித்தாள். மறுநாள் எழுந்து உட்கார்ந்தாள்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் இரண்டு குழம்பு. எனக்குக் குணம் என்று டாக்டர் இன்னும் சொல்லவில்லை. போன ஆவணியில் நாங்குநேரிக் கல்யாணத்தில் ஆசைப்பட்டு இலை முழுவதும் சாப்பிட்டேன். மறுநாள் ஒன்றும் இல்லை. அதற்கடுத்த நாள் மோதிரம் இறுகியது. ஆகவே உடம்பு இன்று நன்றாக இருந்தால் நான் நம்புவதில்லை. நாளை கழியட்டும் என்று முற்றத்தில் நடக்கிறேன்.