பச்சைப் புள்ளியும் சித்தியும்

என் வலைத்தளத்தின் மூலையில் ஒரு பச்சைப் புள்ளி இருக்கிறது. நான் இருந்தால் பச்சை, இல்லாவிட்டால் சாம்பல். பக்கத்திலேயே அரட்டைப் பெட்டி. யாரும் கேட்கலாம், நான் உடனே பதில் சொல்லலாம். டிக்கோயாவுக்கு மேலே தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வீட்டில் உட்கார்ந்து அதைப் பொருத்திய நாளில், அந்தப் புள்ளியைத்தான் மலைபோல நம்பியிருந்தேன். கல்யாண அழைப்பிதழ் வடிவமைப்பது என் தொழில். தொழில் என்று நான்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஓர் ஆர்டர்கூட வந்ததில்லை. மாதம் முடிவதற்குள் ஒன்றாவது வராவிட்டால் கொழும்பில் துணிக்கடை வேலைக்குப் போக வேண்டும் என்று அப்பா முடிவாகச் சொல்லிவிட்டார்.

எங்களோடு இருந்த சித்தி தோட்டத்தில் கொழுந்து எடுப்பவர். புள்ளியின் கதையை விளக்கினேன். "அட, நம்ம பெரட்டு மாதிரியா!" என்றார். காலையில் பெரட்டுக் களத்தில் அன்றைய வேலைக்குப் பேர் கொடுக்கும்போது யாராவது பிந்திவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதனால் கூட நிற்பவர்கள் "வந்துக்கிட்டே இருக்கா ஐயா" என்று சத்தம் போட்டுக் காப்பாற்றுவார்கள். சித்தி அப்படிக் காப்பாற்றிய ஆட்களுக்குக் கணக்கே இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கைபேசியைச் சார்ஜில் போட்டுவிட்டு, மலைத் தண்ணீர் விழும் பீலிக்குக் குளிக்கப் போனேன். திரும்பி வந்தால், சித்தி அதைக் கையில் வைத்து ஒற்றை விரலால் குத்திக்கொண்டிருக்கிறார். யாழ்ப்பாணத்து மணப்பெண் ஒருத்தி "ஆரும் இருக்கிறீங்களோ?" என்று கேட்டிருக்கிறாள். சித்தியின் பதில்: "இருக்கா. பீலிக்குக் குளிக்கப் போயிருக்கா. உக்காருங்க, வந்துருவா. தேத்தண்ணி குடிச்சீங்களா?"

முதல் வாடிக்கையாளரிடம் குளிக்கிற கதையா! "நாசமாப் போச்சு சித்தி!" என்று கத்தினேன்.

"பின்ன, ஆளில்லன்னு திருப்பி அனுப்பவா? வாசல் வரைக்கும் வந்த புள்ள" என்றார், கொஞ்சமும் அசராமல். அதற்குள் மாப்பிள்ளைக்கு என்ன வேலை, மாமியார் எப்படி என்பதெல்லாம் விசாரித்து முடித்திருந்தார். கைபேசியைப் பிடுங்கி, இவ்வளவு நேரம் எழுதியது என் சித்தி என்று சொல்லி மன்னிப்புக் கேட்டேன். பதில் வந்தது: "ஏன் மன்னிப்பு? வேற இடங்களிலயும் கேட்டனான், ஒருத்தரும் வாய் திறக்கேல்லை. உங்கட சித்திதான் இருக்கச் சொன்னவா. கார்ட் நீங்களே செய்யுங்கோ."

ஈரத் தலையோடு சித்தியைக் கட்டிப்பிடித்துக் குதித்தேன். "ஏய், சட்டையெல்லாம் நனையுது!" என்று அவர் தள்ளித் தள்ளி விட்டார். அப்பா அதற்குப் பிறகு கொழும்புப் பேச்சை எடுக்கவில்லை.

இப்போது ஹட்டன் டவுனில் மாடியில் சின்னதாய் ஓர் அறை வைத்திருக்கிறேன். ஆளில்லாத நேரத்தில் தானே பதில் அனுப்பும் வசதியெல்லாம் வந்துவிட்டது. அதில் தயாராக இருந்த விறைப்பான வாசகத்தை அழித்துவிட்டு, சித்தி சொன்னதையே போட்டிருக்கிறேன், பீலியை மட்டும் எடுத்துவிட்டு. போன வாரம் அதே பெண் மறுபடி அரட்டைப் பெட்டிக்கு வந்தாள். மகளின் பிறந்தநாளுக்கு அட்டை வேண்டுமாம். ஆனால் முதலில் கேட்டது, "சித்தி இருக்கிறாவோ?"

சித்தி அந்நேரம் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார். நான் எழுதினேன்: "இருக்காங்க. மலைக்குப் போயிருக்காங்க. உக்காருங்க, வந்துருவாங்க."

பச்சைப் புள்ளிக்குக் கீழே உடனே பதில் விழுந்தது: "சரி, இருக்கிறன். தேத்தண்ணி குடிச்சிட்டன் எண்டு சொல்லுங்கோ."