ஒழுகாத கண்ணாடி

அந்த ஐப்பசியில் எங்கள் வாடகைக் காரின் முன்கண்ணாடி ஒழுகியது. வெள்ளைக்காரர் யாரோ விற்றுவிட்டுப் போன பழைய வண்டி. அதை ஸ்ரீரங்கத்தில் வைத்து என் கணவர் ஓட்டிக்கொண்டிருந்தார். மழை பெய்தால் கண்ணாடியின் மேல் விளிம்பிலிருந்து தண்ணீர் உள்பக்கமாக வழியும்.

ஒரு சாயங்காலம் ரயில்வே ஜங்ஷனிலிருந்து என்னை ஏற்றிக்கொண்டு வந்தபோது, காவிரிப் பாலத்தில் எதிரே வந்த மாட்டுவண்டியை அவர் கவனிக்கவில்லை. நான் வெளியிடத்தில் சத்தமாகப் பேசியே பழகாதவள். அன்று அலறிவிட்டேன். சக்கரம் உரசும் நேரத்தில் ஸ்டியரிங்கை ஒடித்தார்.

“யோவ், கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?” என்று கத்தினான் வண்டிக்காரன்.

“கண்ணாடிக்குள்ள தண்ணி இறங்குது. அதான் மங்கலாத் தெரியுது,” என்றார் அவர். வண்டிக்காரனிடம் அல்ல, என்னிடம்.

அப்படியே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். ஆனால் மழையில்லாத நாளிலும், சொம்புத் தண்ணீரை அவர் டம்ளருக்கு வெளியே ஊற்றியதைப் பார்த்திருந்தேன். கண்ணாடி கெட்டிருந்தால் சரிசெய்யலாம். கண் கெட்டிருந்தால் அந்தக் காரில் ஏறுகிறவர்களை யார் காப்பாற்றுவது?

பாலக்கரையில் கார்ப் பட்டறை வைத்திருந்த பாய் அவருடைய சிநேகிதர். ஞாயிற்றுக்கிழமை காலை புது ரப்பரும் கறுப்புப் பசையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கே வந்தார். மழை விட்டிருந்தாலும் வானம் கறுத்தே கிடந்தது.

இறுகிப்போன ரப்பரைக் கத்தியால் அறுத்து, கண்ணாடியை உள்ளிருந்து தள்ளிக் கழற்றிச் சாக்கின் மேல் வைத்தார்கள். மேல் விளிம்பில், துருவோடு ஒட்டிக்கொண்டு, பழுப்பாக ஏதோ இருந்தது. பாய் நகத்தால் இழுத்தார். வாழைநார்.

வெள்ளிக்கிழமைதோறும் என் கணவர் கண்ணாடிக்கு மேல் மல்லிகைச் சரம் போடுவார். நாரின் இரண்டு முனைகளையும் ரப்பருக்கு அடியில் செருகிவிடுவார். பூ வாடியதும் பிடுங்கினால், முனை அறுந்து உள்ளேயே தங்கிவிடும். அப்படிச் சேர்ந்த நார் வழியாகத்தான் தண்ணீர் இறங்கியிருக்கிறது.

“ஏம்ப்பா, நீ சாமிக்குப் பூ வெச்சியா, தண்ணிக்கு வாய்க்கால் வெட்டுனியா?” என்று பாய் சிரித்தார். “நீங்களாவது சொல்லக் கூடாதா தங்கச்சி?”

“பாத்தியா? கண்ணாடிதான்னு நான் சொன்னேன்ல,” என்றார் அவர் என்னிடம். முகம் தெளிந்திருந்தது. எனக்கும் கொஞ்சம் மூச்சு வந்தது.

துருவைச் சுரண்டி, மண்ணெண்ணெயால் துடைத்தார்கள். பாய் கண்ணாடியைச் சுற்றிப் புது ரப்பரை மாட்டி, ரப்பரின் பள்ளத்தில் மெல்லிய வெள்ளைக் கயிறு ஒன்றை வைத்தார். சோப்புத் தண்ணீர் தடவி வெளியிலிருந்து அவர் அழுத்த, உள்ளே இருப்பவர் கயிற்றை இழுக்க வேண்டும். இழுக்க இழுக்க ரப்பரின் உதடு தகரத்தின் மேல் ஏறி உட்காரும். இழுப்பதற்கு என் கணவர் உள்ளே உட்கார்ந்தார்.

“ம், இழு.”

அவர் கை காற்றில் தடவியது.

“என்னப்பா, ஈ புடிக்கிறியா? மூஞ்சிக்கு நேரத்தானே தொங்குது!”

மறுபடி கையை நீட்டினார். அது கயிற்றைத் தாண்டிப் போயிற்று. நான் ஜன்னல் வழியாகக் கைவிட்டு, முனையை எடுத்து அவர் விரல்களில் வைத்தேன். பாய் என்னைப் பார்த்தார். அப்புறம் வேலை முடிகிறவரை வேடிக்கையாக அவர் ஒன்றும் பேசவில்லை.

பசை பூசி முடித்ததும், வாளியில் தண்ணீர் மொண்டு கண்ணாடி மேல் ஊற்றினார். நான் உள்ளே உட்கார்ந்து மேல் விளிம்பைத் தடவிப் பார்த்தேன். காய்ந்திருந்தது. ஒரு சொட்டாவது ஒழுகக் கூடாதா என்று இருந்தது.

“கொஞ்ச நாள் வண்டிய எடுக்காதே. பசை நல்லா இறுகட்டும்,” என்றார் பாய், தரையைப் பார்த்துக்கொண்டு.

என் கணவர் கேட்கவில்லை. பாய் போனதும் தூறல் விழுந்தது. “வா, பாலம் வரைக்கும் போய்ப் பாத்துட்டு வரலாம்,” என்று என்னைக் கூப்பிட்டார்.

பாலத்தில் எதிரே வந்த பஸ்ஸின் நம்பர்கூட எனக்குத் தெரிந்தது. அவர் முன்னால் சாய்ந்து, கண்ணாடியை உள்பக்கமாகப் புறங்கையால் துடைத்தார். மறுபடியும் துடைத்தார்.

“இன்னும் இறங்குது பாரு.”

தொட்டேன். ஈரமே இல்லை.

“இல்லைங்க.”

வண்டி மெதுவாகியது. பின்னால் யாரோ ஹார்ன் அடித்தார்கள்.

“எதிர்ல என்ன வருது?” என்று கேட்டார், நேரே பார்த்தபடியே.

“பஸ் வருதுங்க. இடது பக்கம் ஒடிங்க. இன்னும் கொஞ்சம். முன்னால சைக்கிள்காரர் போறாரு... மெதுவா, மெதுவா.”

அக்கரை வரை சத்தமாகச் சொல்லிக்கொண்டே வந்தேன். பாலம் முடிந்ததும் ஓரங்கட்டி நிறுத்தினார். கைகளை ஸ்டியரிங்கிலிருந்து எடுக்கவில்லை. மழை வலுத்தது.

“நீ இறங்கி நில்லு,” என்றார். “வண்டி ஓட்டத் தெரிஞ்சவங்க யாராவது வராங்களான்னு பாரு.”